உடற்கல்வி வகுப்பால் குழந்தைகளின் உடல்பருமனைத் தடுக்க முடியுமா?

1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கியது. கலிஃபோர்னியா, லூசியானா, மினசோட்டா, டெக்சஸ் என நான்கு மாநிலங்களில் 96 தொடக்கப் பள்ளிகள். மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த 5,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். 56 பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பு நடத்தும் முறையையே மாற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளி உணவில் கொழுப்பைக் குறைத்தார்கள். மீதி 40 பள்ளிகளில் எல்லாம் பழையபடியே நடந்தது. ‘கேட்ச்’ என்று பெயர் வைக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் குழந்தைகள் உண்மையிலேயே கூடுதலாக ஓடியாடினார்கள். வகுப்பு நேரத்தில் அவர்கள் மூச்சு வாங்கும்படி இயங்கிய பங்கு 37 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாக உயர்ந்தது. மூன்று ஆண்டு கழித்து எடை பார்த்தார்கள். இரு தரப்புப் பள்ளிகளுக்கும் இடையே உடல்பருமனில் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

இது தனியொரு நிகழ்வாக இருந்திருந்தால் தள்ளிவிடலாம். அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகள் படிக்கும் 41 பள்ளிகளில் நடந்த ‘பாத்வேஸ்’ ஆய்வின் முடிவு 2003இல் வெளிவந்தது. அதிலும் இரு தரப்புப் பள்ளிகளுக்கும் இடையே உடல் கொழுப்பில் வித்தியாசம் இல்லை. கனடாவில் 2009இல் 18 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களும் பள்ளியில் உடற்பயிற்சியைக் கூட்டியதால் மட்டும் குழந்தைகளின் பி.எம்.ஐ. குறையவில்லை என்றே எழுதினார்கள்.

பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். வளரும் குழந்தைக்கு அதை அப்படியே பெரியவர்களின் அளவுகோலில் வைத்துப் பார்க்க முடியாது. அதே வயது, அதே பாலினக் குழந்தைகளின் வளர்ச்சி வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.

ஆய்வுகள் இப்படிச் சொல்லும்போது பள்ளி நிர்வாகங்களும் பெற்றோரும் இரண்டு வழியில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். பலனில்லாத வகுப்பு, அந்த நேரத்தைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கொடுத்துவிடலாம் என்பது ஒரு வழி. போதாமல்தான் பலன் வரவில்லை, குண்டான பிள்ளைகளைத் தனியே பிரித்து இன்னும் கடுமையாக ஓடவிடுவோம் என்பது இன்னொரு வழி. இரண்டுமே குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவை என்பது என் உறுதியான கருத்து. உடற்கல்வி வகுப்பை எடை இயந்திரத்தில் ஏற்றி மதிப்பிடுவதிலிருந்துதான் இரண்டு தவறுகளும் பிறக்கின்றன.

பிரச்சினையின் அளவு சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1990இல் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 8 சதவீதம் பேர் மிகை எடையோடு இருந்தார்கள். 2022இல் அது 20 சதவீதம். தலைக்கணக்கில் 39 கோடிக்கும் மேல். அதில் 16 கோடிப் பேர் உடல்பருமன் என்ற நிலையையே எட்டிவிட்டவர்கள். அதே நிறுவனம், 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது நன்றாக உடல் இயங்க வேண்டும் என்கிறது. 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் 2016இல் அந்த அளவை எட்டவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85.

கலோரிக் கணக்கு

எடை ஏன் அசைய மறுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வகுப்பைக் கூடவே நடந்து பார்ப்போம். 45 நிமிட வகுப்பு. மணி அடித்து, வரிசை பிடித்து, மைதானத்துக்கு வர ஐந்து நிமிடம். வருகைப்பதிவு, உடை சரிபார்ப்பு, விளையாட்டு விதியை விளக்குவது, அணி பிரிப்பது. ஒரே பந்து, நாற்பது பிள்ளைகள் என்றால் முறை வரும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் முகம் கழுவ, திரும்பிப் போக மறுபடி ஐந்து நிமிடம். வகுப்பின் பாதி நேரமாவது பிள்ளைகள் நன்றாக இயங்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. பெரும்பாலான இடங்களில் சராசரி அதைத் தொடுவதில்லை. 20 நிமிட ஓட்டம் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம்.

30 கிலோ எடையுள்ள குழந்தை அந்த 20 நிமிடத்தில், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாவதைவிட 50, 60 கலோரி கூடுதலாகச் செலவழிக்கும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் 120 கலோரிக்குள். 330 மில்லி இனிப்பு குளிர்பானம் ஒன்றில் ஏறக்குறைய 140 கலோரி இருக்கிறது. ஒரு வாரத்தின் விளையாட்டை ஒரு பாட்டில் இரண்டு நிமிடத்தில் ஈடுகட்டிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தைகளிடம் சில ஆண்டுகளில் கூடிப்போன எடைக்கு அன்றாடம் எவ்வளவு மிச்சக் கலோரி காரணம் என்று 2006இல் ஒரு ஆய்வு கணக்கிட்டது; நாளொன்றுக்கு 110 முதல் 165 வரை என்று விடை வந்தது. அதாவது உடற்கல்வி வகுப்பு ஒரு வாரத்தில் எரிப்பது, ஒரே நாளில் மிஞ்சும் அளவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் மூன்று பள்ளிகளின் குழந்தைகளுக்கு அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் பார்த்தார்கள். ஒரு பள்ளியில் வாரம் 9 மணி நேர உடற்கல்வி. மற்ற இரண்டில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி. ஆனால் முழு வாரத்தின் மொத்த அசைவைக் கூட்டிப் பார்த்தபோது மூன்று பள்ளிக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றார்கள். பள்ளியில் நிறைய ஓடியவர்கள் வீட்டுக்கு வந்து ஓய்ந்துவிட்டார்கள். பள்ளியில் ஓடாதவர்கள் மாலையில் ஓடித் தீர்த்தார்கள். 2003இல் இந்த முடிவு வந்தபோது பெரிய விவாதம் எழுந்தது. மூன்றே பள்ளிகளை வைத்து உலகத்துக்கே பொதுவிதி எழுத முடியாது என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. மாலையில் ஓடித் தீர்க்க எல்லாக் குழந்தைக்கும் இடமோ துணையோ பாதுகாப்போ இருப்பதில்லை. அவர்களுக்குப் பள்ளி மைதானத்தை விட்டால் வேறு மைதானம் கிடையாது.

அதே நகரத்துக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் சொன்னதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஓடியாடாததால் குழந்தை குண்டாகிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். அவர்கள் தரவில் அம்பு எதிர்ப்பக்கம் காட்டியது. முதலில் உடலில் கொழுப்பு கூடுகிறது. அதன் பிறகே அசைவு குறைகிறது. எடை கூடிய குழந்தைக்கு ஓடுவது கடினம், மூட்டு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதனால் ஒதுங்குகிறது. சோம்பேறித்தனம் என்று பெயர் வைக்கப்படுவது பல நேரங்களில் விளைவுதான்.

எங்கே பலன் தெரிந்தது

இத்தனைக்கும் பிறகு, பலன் காட்டிய ஆய்வுகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உடற்கல்வி நேரம் பற்றிய விதி வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொண்டு மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 60 நிமிடம் கூடுதலாக உடற்கல்வி கிடைத்தால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் உடல்பருமன் ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி குறைவதாக அதில் தெரிந்தது. அந்தக் குறைவு பெரும்பாலும் ஆண் பிள்ளைகளிடம்தான். பெண் பிள்ளைகளுக்கும் அதே மணி நேரம்தான் ஒதுக்கப்பட்டது. மைதானத்தின் நடுப்பகுதி யாருக்குக் கிடைத்தது என்பது வேறு கேள்வி.

சுவிட்சர்லாந்தில் 15 பள்ளிகளில் நடந்த ஆய்வில், ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் ஏற்கெனவே இருந்த வாரம் மூன்று வகுப்புகளோடு இரண்டைச் சேர்த்து நாள்தோறும் உடற்கல்வி ஆக்கினார்கள். ஒரு கல்வியாண்டு முடிவில், மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டால், அந்தக் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு குறைந்தது, மூச்சுத்திறன் உயர்ந்தது. பிறகு திட்டத்தை நிறுத்திவிட்டு மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது கொழுப்பில் கிடைத்த ஆதாயம் கரைந்திருந்தது. மூச்சுத்திறன் மட்டும் நின்றது. நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் நடந்த ஆய்வில் இரண்டு பள்ளிகளுக்குச் சத்தான மதிய உணவும் உடலியக்கமும் கொடுத்தார்கள். வேறு இரண்டு பள்ளிகளுக்கு உடலியக்கம் மட்டும். இரண்டு ஆண்டில் பி.எம்.ஐ. தெளிவாகச் சரிந்தது உணவும் சேர்ந்த பள்ளிகளில்தான்.

முதலில் சொன்ன கேட்ச் திட்டத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. அதை டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், வருமானம் குறைந்த குடும்பங்களின் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் மிகை எடைப் பெண் பிள்ளைகளின் விகிதம் மற்றப் பள்ளிகளில் 13 புள்ளி ஏறியது. திட்டம் இருந்த பள்ளிகளில் 2 புள்ளி. ஆண் பிள்ளைகளிடம் 9க்கு 1. விகிதம் குறையவில்லை, ஏறுவது ஏறக்குறைய நின்றது. எடை வேகமாக ஏறும் இடத்தில்தான் தடுப்பு வேலை கண்ணில் படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தடுப்பு என்ற சொல்லின் பொருளே குழந்தைகள் விஷயத்தில் வேறு. பெரியவர் எடை குறைக்க வேண்டும் என்றால் இருப்பதைக் கரைத்தாக வேண்டும். வளரும் குழந்தைக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. எடை ஏறாமல் கொஞ்ச காலம் நின்றாலே போதும். உயரம் கூடி எடையைப் பிடித்துவிடும். ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்கும் பெற்றோருக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளியின் பங்கை வேறொரு கோணத்திலிருந்து காட்டிய ஆய்வு 2016இல் வந்தது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடியும்வரை பின்தொடர்ந்தார்கள். அந்தக் காலத்தில் உடல்பருமன் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமாக ஏறியது. ஏற்றம் முழுவதும் நடந்தது இரண்டு கோடை விடுமுறைகளில். பள்ளி நடந்த மாதங்களில் ஏறவே இல்லை. நேரத்துக்கு எழுவது, நேரத்துக்குச் சாப்பிடுவது, இடைவேளையில் ஓடுவது, நினைத்தபோது தின்ன முடியாமல் இருப்பது என்று பள்ளி நாளின் ஒழுங்கு தானாகவே ஒரு காப்பாக இருக்கிறது. உடற்கல்வி வகுப்பு அந்த ஒழுங்கின் ஒரு கண்ணி. ஒரு கண்ணியை மட்டும் பிடுங்கி எடுத்துச் சங்கிலியின் பலத்தை அளந்தால் சரியான விடை எப்படி வரும்?

எடை இயந்திரம் பார்க்காதவை

தசை சுருங்கும்போது அது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் உதவி இல்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகும் இன்சுலினுக்கு உடல் நன்றாகக் கட்டுப்படும் நிலை ஓரிரு நாள் நீடிக்கும். இரண்டாம் வகை நீரிழிவுக்கான பாதையில் இது முக்கியமான தடுப்பு. பருமனான பதின்வயதினரிடம் உணவைக் குறைக்காமல் பயிற்சியை மட்டும் கொடுத்தபோதும் வயிற்றுக்குள் தேங்கிய கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசை கூடிக் கொழுப்பு குறைந்தால் எடை அப்படியே இருக்கும். இயந்திரத்தின் முள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லும். அந்த ஓரிரு நாள் கணக்கை வைத்துப் பார்த்தாலே, வாரம் ஒரு முறை மூச்சிரைக்க விடுவதைவிட நாள்தோறும் கொஞ்சம் ஓடவிடுவது ஏன் நல்லது என்பது புரியும். சுவீடனின் மால்மோ நகரில் ஒரு பள்ளி 1999இல் தொடங்கி தினமும் 40 நிமிடம் உடற்கல்வி கொடுத்தது. வாரம் 60 நிமிடம் மட்டுமே பெற்ற குழந்தைகளைவிட அந்தப் பிள்ளைகளின் எலும்பு வலுவாக வளர்ந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு முறிவும் அவர்களிடம் குறைந்தது.

இவற்றைவிடப் பெரியதாக நான் நினைப்பது ஒன்று உண்டு. எறிவது, பிடிப்பது, குதித்து நிலத்தில் இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஓடும்போது சட்டென்று திசை மாறுவது. இவை வயது ஆக ஆகத் தானே வந்துவிடும் என்று நினைக்கிறோம். வருவதில்லை. எழுத்துப் போலவே யாராவது சொல்லிக் கொடுத்து, திருத்தி, மறுபடி செய்யவைத்தால்தான் வரும். ஐந்து வயதில் பந்து பிடிக்கத் தெரியாதது பெரிய விஷயமில்லை. அந்த வயதில் யாரும் நன்றாகப் பிடிப்பதில்லை, குழந்தைக்கும் அது உறைப்பதில்லை. பத்து வயதில் பிடிக்கத் தெரியாவிட்டால் அது அணிக்குத் தெரியும், குழந்தைக்கும் தெரியும். விளையாட்டிலிருந்து நழுவும், நழுவினால் பழக்கம் குறையும், திறன் இன்னும் பின்தங்கும், எடை கூடும், கூடிய எடையால் திறன் மேலும் குறையும். 2008இல் இயக்கத்திறன் ஆய்வாளர்கள் சிலர் இதை இரு பக்கமும் சுழலும் ஒரு சுழலாக வரைந்து காட்டினார்கள். திறமையுள்ள பிள்ளை அதே சுழலில் மேலே போய்க்கொண்டே இருக்கும். கீழே போகும் சுழலை உடைக்கப் பள்ளியில் கிடைக்கும் வாய்ப்பு உடற்கல்வி வகுப்புதான். பயிற்சி மையங்கள் ஏற்கெனவே ஓடத் தெரிந்த பிள்ளைகளையும் கட்டணம் கட்ட முடிந்த பெற்றோரையும் தேடிக்கொள்ளும். பள்ளி வகுப்புக்குத்தான் எல்லாரும் வருகிறார்கள்.

ஆனால் எல்லாரும் வருகிறார்களே தவிர, எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா?

இரண்டு தலைவர்களை நிறுத்தி அணிக்கு ஆள் எடுக்கச் சொல்வது பல நாடுகளிலும் உள்ள பழக்கம். ஒவ்வொரு பெயராக அழைக்கப்படும். கடைசியில் ஒரு பிள்ளை மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு எண்பது முறை, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பிள்ளை மிஞ்சும். இதைவிடத் தெளிவாக ‘உன் உடம்பு யாருக்கும் வேண்டாம்’ என்று ஒரு குழந்தையிடம் சொல்ல முடியாது. தப்பு செய்தால் மைதானத்தை மூன்று சுற்று ஓடு என்பது இன்னொரு பழக்கம். ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்றுக்கொண்ட குழந்தை பள்ளி முடிந்த மறுநாள் ஓடுவதை விட்டுவிடும்.

அரசே முன்னின்று செய்தாலும் இதே காயம் ஏற்படும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்று. 1992இல் அங்கே ‘டாஃப்’ என்ற பள்ளித் திட்டம் தொடங்கியது. மிகை எடையுள்ள பிள்ளைகளை அடையாளம் கண்டு, வகுப்பு தொடங்கும் முன்போ இடைவேளையிலோ தனியாக உடற்பயிற்சி செய்யவைத்தார்கள். எண்களில் அது வெற்றி: மிகை எடை மாணவர்கள் 14 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்குக் கீழே வந்தார்கள். நண்பர்கள் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கும்போது இவர்கள் மட்டும் எல்லார் கண்முன்னும் ஓடினார்கள். திட்டத்தின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘ஃபேட்’, அதாவது குண்டு என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கேலியும் மனக்காயமும் பற்றிய குரல்கள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தன. 2007இல் திட்டத்தைக் கைவிட்டு, எல்லா மாணவர்களின் உடல், மன நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் வேறு முறைக்கு மாறினார்கள். நான்கு புள்ளி இறக்கத்துக்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் உடலை வெறுக்கக் கற்றுக்கொண்டதை எந்த அட்டவணையிலும் ஆதாயம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாற வேண்டியது விளையாட்டின் அமைப்பு. அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்ற விதியுள்ள ஆட்டத்தில் முதலில் அவுட் ஆவது மெதுவாக ஓடும் பிள்ளை. அதாவது அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கும். அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று விதியை மாற்றினால் போதும். இருபது பேர் கொண்ட இரண்டு அணிகளுக்குப் பதிலாக ஐந்து பேர் கொண்ட எட்டு அணிகள், கூடுதல் பந்துகள். அணியை ஆசிரியரே முன்கூட்டிப் பிரித்து வைப்பது. எடையும் உயரமும் பார்ப்பதானால் தனி அறையில், ஒவ்வொருவராக, எண்ணைச் சத்தமாகப் படிக்காமல். ஓட்டப் பந்தயத்தையே சுற்றிக்கொண்டிராமல் கயிறு இழுப்பது, தள்ளுவது, தூக்குவது, எறிவது போன்ற வலிமை விளையாட்டுகளையும் சேர்ப்பது. பருமனான பிள்ளைகள் பலருக்கு அவற்றில் இயல்பாகவே பலம் அதிகம். வகுப்பிலேயே முதல் முறையாக அவர்கள் வெல்வதை மற்றவர்கள் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு வசதியான உடையும், மாற்றிக்கொள்ள மறைவான இடமும், மாதவிடாய் நாட்களில் விளக்கம் கேட்காத ஆசிரியரும் வேண்டும். இவை எதற்கும் பெரிய செலவு கிடையாது. ஆனால் இதற்கென்று படித்த ஆசிரியர் தேவை. விசிலைக் கையில் கொடுத்து யாரையாவது அனுப்பினால் நடக்காது.

நேரம் இல்லை என்பார்கள். யுனெஸ்கோ தொடக்கப் பள்ளிக்கு வாரம் 120 நிமிடமும் அதற்கு மேலே 180 நிமிடமும் பரிந்துரைக்கிறது. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவதும் இந்த நேரம்தான். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1970 முதல் 1977 வரை நடந்த த்ருவா ரிவியேர் ஆய்வில் தினமும் ஒரு மணி நேரம் உடற்கல்வி சேர்த்தார்கள். பாட நேரம் ஏழில் ஒரு பங்கு குறைந்தது. மதிப்பெண் குறையவில்லை.

ஒரு வகுப்பு உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க 1991இல் உருவாக்கிய ‘சோஃபிட்’ என்ற கவனிப்பு முறை இருக்கிறது. மைதான ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து, குறித்துக்கொண்ட ஒரு பிள்ளையைப் பத்து வினாடி பார்த்து, அடுத்த பத்து வினாடியில் அது படுத்திருந்ததா, உட்கார்ந்திருந்ததா, நின்றதா, நடந்ததா, அதற்கும் மேலே வேகமாக இயங்கியதா என்று ஐந்தில் ஒன்றைக் குறிப்பார். கருவி எதுவும் வேண்டாம். ஒரு கடிகாரம், ஒரு தாள். தலைமை ஆசிரியரோ பெற்றோர் ஒருவரோ அனுமதி பெற்று இதை ஒரு நாள் செய்து பார்க்கலாம். அன்றைக்குக் குறிக்க வேண்டிய பிள்ளை அணியின் நட்சத்திரம் அல்ல. அணி பிரிக்கும்போது கடைசியில் நின்ற பிள்ளை. பிள்ளைக்குத் தெரியாமல், வகுப்பு முடியும்வரை, அந்தத் தாளில் ‘நின்றது’ என்ற கட்டத்தில் எத்தனை கோடு விழுகிறது என்று எண்ணுங்கள்.